அனுபவமுள்ள ஓட்டுநருக்கு ஏபிஎஸ்ஸும் இஎஸ்சியும் எதற்கு?

ஒரே காரின் இரண்டு வகைகளில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்கள் தந்தை 35 ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர், பெரும்பகுதி அம்பாசிடரில், ஒரு விபத்துகூட இல்லாமல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் இஎஸ்சி போன்ற கருவிகள் எல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்காக வந்தவை, இவை வந்த பிறகுதான் ஓட்டுநர்களின் கவனம் கெட்டது என்பது அவருடைய கட்சி. நீங்களோ கூடுதலாக ஒன்றரை லட்சம் கொடுத்து உயர்வகையை எடுப்பதா, அல்லது அதில் ஒரு பகுதியைச் செலவிட்டு நல்ல ஓட்டுநர் பயிற்சி ஒன்றில் சேர்வதா என்று தயங்குகிறீர்கள். இக்கட்டான ஒரு நொடியில் காப்பாற்றுவது கைத்திறனா, கருவியா, கருவியை நம்பிப் பழகினால் கைத்திறன் மங்கிவிடுமா என்பதே நீங்கள் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கார்களின் பிரேக் அமைப்புகளைச் சோதிக்கும் பணியில் 19 ஆண்டுகள் இருந்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளாக நிறுவனங்களின் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். எனவே பிரேக், டயர், வண்டியின் நிலைத்தன்மை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வது கைப்பட்ட அறிவு. கேமராவையும் ரேடாரையும் கொண்டு இயங்கும் புதிய கருவிகளைப் பற்றிச் சொல்வது, அவற்றைப் பயன்படுத்தியும் ஆய்வுகளைப் படித்தும் அறிந்தது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதையும், அவற்றின் எண்களை நம் சாலைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று. இஎஸ்சி என்ற மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் செய்ய இயலாத ஒரு வேலையைச் செய்கிறது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வளைவில் வண்டி போதிய அளவு திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனால் உட்புறப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. பின்பகுதி வீசிச் சுழலத் தொடங்கினால் வெளிப்புற முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. உங்கள் தந்தையின் காலுக்கடியில் இருப்பது நான்கு சக்கரங்களுக்கும் பொதுவான ஒரே பெடல். ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து மற்ற மூன்றை விட்டுவிட அவரால் முடியாது, உலகின் எந்தப் பந்தய வீரராலும் முடியாது. ஆகவே இங்கே திறமைக்கும் கருவிக்கும் போட்டியே இல்லை.

இந்த அமைப்பு 1995இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 1997இல் அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் கார், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், குறுக்கே வந்த மானைத் தவிர்ப்பதுபோல் சட்டென்று இடமும் வலமும் திருப்பியபோது கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தச் சிறிய காரின் எல்லா வகைகளிலும் இஎஸ்சி பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானாகவே சாலையை விட்டு விலகியோ கவிழ்ந்தோ உயிரிழப்பு நேரும் விபத்துகளை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக, அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. சீட் பெல்ட்டுக்கு அடுத்து இத்தனை பெரிய பயன் தந்த வேறொரு கருவி எனக்குத் தெரியாது.

இதே வரிசையில் வைக்க வேண்டிய இன்னொன்று, அதிகம் பேசப்படாத பிரேக் அசிஸ்ட். அவசரத்தில் மனிதர்கள் எப்படிப் பிரேக் பிடிக்கிறார்கள் என்று 1990களின் தொடக்கத்தில் பெர்லினில், கார் ஓட்டும் சூழலைச் செயற்கையாக உருவாக்கும் சிமுலேட்டர் கூடம் ஒன்றில் பார்த்தார்கள். பெரும்பாலானோர் விரைவாகத்தான் மிதித்தார்கள், ஆனால் போதிய அழுத்தத்தோடு மிதிக்கவில்லை. பெடல் எவ்வளவு விரைவாகக் கீழே போகிறது என்பதைக் கொண்டு இது அவசரம் என்று உணர்ந்து, முழு அழுத்தத்தையும் தானே கொடுக்கும் பிரேக் அசிஸ்ட் 1996இல் வந்தது அதன் விளைவே. 35 ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியவர் தம் வாழ்நாளில் எத்தனை முறை முழு பலத்தோடு பிரேக்கை மிதித்திருப்பார்? மிகச் சிலமுறைதான் இருக்கும். நன்றாக ஓட்டுகிறவருக்கு அவசரப் பிரேக்கில் பழக்கம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அவர் அந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுபோவதில்லை.

இனி உங்கள் தந்தையின் பக்கத்தில் உள்ள நியாயம். ஏபிஎஸ் 1978இல் வந்தபோது, அது விபத்துகளைப் பெருமளவு குறைத்துவிடும் என்று பொறியாளர்கள் எல்லாரும் நம்பினார்கள். நம்பியதில் தவறு இல்லை. சோதனைத் தடத்தில் அதன் பயன் கண்கூடு. சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. பூட்டவிடாமல் நொடிக்குப் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால், முழு பலத்தில் மிதித்துக்கொண்டே தடையைச் சுற்றித் திருப்பலாம். ஆனால் 1980களில் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பொருத்தி, ஒரு பகுதிக்குப் பொருத்தாமல் விட்டு, சில ஆண்டுகள் கவனித்தபோது, இரண்டு வகைக் கார்களின் விபத்து எண்ணிக்கையிலும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போல ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் அறியாமல் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஏபிஎஸ் உள்ள காரை ஓட்டியவர்கள் வளைவுகளில் கூர்மையாகத் திருப்பினார்கள், தங்கள் தடத்தை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, மற்ற வண்டிகளோடு உரசும் நிலைக்கு அடிக்கடி போனார்கள். கருவி கொடுத்த பாதுகாப்பை அவர்கள் வேகமாகவும் துணிச்சலாகவும் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் நீண்ட காலத் தரவுகளை ஆராய்ந்தபோதும், கார்களில் ஏபிஎஸ் மொத்த விபத்துகளை 6 விழுக்காடு அளவுக்குக் குறைத்திருந்தது. உயிரிழப்பு விபத்துகளில் அதன் நிகர விளைவு ஏறக்குறைய சுழியம்.

அப்படியானால் இஎஸ்சி ஏன் வென்றது, ஏபிஎஸ் ஏன் பாதி வழியில் நின்றது? இரண்டும் சக்கர வேகத்தை அளக்கும் ஒரே உணர்கருவிகளையும் ஒரே பிரேக்குகளையும் பயன்படுத்துபவை. ஒன்றின் மேல் கட்டப்பட்டதுதான் மற்றொன்று. இந்தத் துறையில் 1980களிலிருந்தே சிலர் சொல்லிவரும் விளக்கம்தான் எனக்கும் சரியென்று படுகிறது. ஓட்டுகிறவன் தன் உடம்பில் உணரக்கூடிய பாதுகாப்பை அவன் செலவு செய்துவிடுகிறான். உணர முடியாத பாதுகாப்பு செலவாகாமல் அப்படியே இருக்கிறது. ஏபிஎஸ் அன்றாடப் பிரேக்கிலேயே, மழை நாளில், மணல் படிந்த வளைவில், காலுக்கடியில் அதிர்ந்து ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடுகிறது. இஎஸ்சியோ சாதாரணமாக ஓட்டுகிறவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை விளக்கைச் சிமிட்டினாலே அதிகம். காற்றுப்பையும் அப்படித்தான், மோதிய பிறகு கண் இமைப்பதற்குள் விரிந்து வேலையை முடித்துவிடும், அதற்கு முன் அது இருப்பதே நினைவிருக்காது. இது நிரூபிக்கப்பட்ட விதி அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு கூடக் கூட மனிதர்கள் அதற்குச் சரியாக ஈடுகட்டும் அளவுக்கு ஆபத்தையும் கூட்டிக்கொள்வார்கள் என்று 1982இல் உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட் முன்வைத்த கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியது. இஎஸ்சியின் வெற்றியே அதற்கு எதிரான பெரிய சான்று. ஆனால் ‘ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறார்கள், அதுவும் உணரக்கூடிய கருவிகளில்’ என்ற சிறிய வடிவத்தில் அதை மறுப்பதும் கடினம். உங்கள் தந்தை டாக்சி ஸ்டாண்டில் தம் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார் என்பதே அதில் உள்ள குறை.

பயிற்சியைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் தர இயலவில்லை. அது என் தொழிலாக இருந்தும். வழுக்கும் தரையில் வண்டியைச் சறுக்கவிட்டு மீட்டெடுக்கக் கற்பிக்கும் பயிற்சி, பார்ப்பதற்கும் பங்கெடுப்பதற்கும் அருமையானது. நார்வேயில் அதை இளம் ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடின. ஸ்வீடனில் 1996இல் வெளியான ஓர் ஆய்வு இதன் காரணத்தை அழகாகக் காட்டியது. ஒரு குழுவுக்கு வழுக்குத் தரையில் பிரேக் பிடிக்கும் திறமையைக் கற்பித்தார்கள். மற்றொரு குழுவுக்கு அந்தத் தரையில் தங்கள் திறமை எவ்வளவு அற்பமானது என்பதை அனுபவிக்க மட்டும் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது இரு குழுக்களின் உண்மைத் திறமையிலும் வேறுபாடு இல்லை, ஆனால் திறமை கற்றதாக நினைத்த குழு தன்னைப் பற்றி அதிகமாக மதிப்பிட்டது. இதற்கும் முன்னால், 1974இல், அமெரிக்காவில் பந்தய உரிமம் பெற்ற ஓட்டுநர்களின் பொதுச்சாலைப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். வண்டியைக் கையாளுவதில் நாட்டிலேயே தேர்ந்தவர்களான அவர்களுக்கு, அதே வயதுள்ள சாதாரண ஓட்டுநர்களைவிட விபத்துகளும் விதிமீறல்களும் அதிகமாக இருந்தன. இதைப் படித்த பிறகு என் வகுப்புகளில் சறுக்கல் பயிற்சியை மீட்பு வித்தையாகக் கற்பிப்பதை நிறுத்திவிட்டேன். ஈரத்தரையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று காட்டி, இறங்கி அடியெடுத்து அளக்கச் சொல்வதோடு சரி.

இங்கே ஒரு கணக்கு. காய்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்த காரின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 7 மீட்டர் அளவு குறையும் என்றும், ஓட்டுநர் கண்டு மிதிக்க ஒரு நொடி ஆகும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் சுமார் 57 மீட்டரில் நின்றுவிடும். அதே இடத்தில் 100 கிலோமீட்டரில் வந்த கார், அதே 57ஆவது மீட்டரைக் கடக்கும்போது இன்னும் 68 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முதல் கார் முட்டாமல் நின்ற தடையில் இரண்டாவது கார் உயிர்போகும் வேகத்தில் மோதுகிறது. ஏபிஎஸ்ஸும் இஎஸ்சியும் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவதோ உள்ளங்கை அளவு இடத்தில்தான். சரளைக் கல்லிலும் தளர்ந்த மண்ணிலும் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க இன்னும் கூடுதல் தூரம் எடுக்கக்கூடும், ஏனென்றால் பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும் வசதி அங்கே இல்லை. 35 ஆண்டுகள் உங்கள் தந்தையைக் காத்தது, அந்த 80க்கும் 100க்கும் இடையிலான முடிவை ஒவ்வொரு நாளும் சரியாக எடுத்ததே என்பது என் கணிப்பு. அம்பாசிடரின் டிரம் பிரேக்குகளை நம்ப முடியாது என்பது தெரிந்ததால் அவர் தூரத்திலேயே காலை எடுத்திருப்பார். அந்த அவநம்பிக்கைதான் அவருடைய உண்மையான சொத்து; நல்ல பிரேக் உள்ள காரில் அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் கடினம்.

எந்தக் கருவியும் ஈடு செய்யாத இன்னொரு திறமை மலைப்பாதை இறக்கத்தில் தெரியும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். புதிய காரில் உயர் கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்குப் பாதி வழியில் பிரேக் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். அப்போது ஏபிஎஸ், இஎஸ்சி, பிரேக் அசிஸ்ட் மூன்றும் செயலற்றவை, மூன்றுக்கும் கையும் காலும் அந்தப் பிரேக்குதான். ‘எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு’ என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது முழுக்க முழுக்க இயற்பியல். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பலர் அதிலும் கியரைக் குறைத்துப் பிடித்துவைக்க முடியும் என்பதையே அறியாதிருப்பதை வகுப்புகளில் பார்க்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட உயர்வகையில் உள்ள, கேமராவும் ரேடாரும் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் ‘அடாஸ்’ தொகுப்பைப் பற்றி என் கருத்து கலவையானது, ஏனென்றால் அது ஒரே கருவி அல்ல. அதில் உள்ள தானியங்கி அவசரப் பிரேக், முன்னே போகும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளைப் பாதியளவு குறைப்பது அமெரிக்காவில் உறுதியாகியிருக்கிறது. தடத்தையும் இடைவெளியையும் தானே பிடித்துக்கொண்டு ஓடும் வசதிகளுக்கு அப்படிப்பட்ட சான்று இல்லை. நான் மேலே சொன்ன அதே காப்பீட்டு ஆய்வு நிறுவனம், அவை விபத்தைத் தடுப்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் காணவில்லை என்று 2024இல் சொன்னது. காரணத்தை ஊகிக்கலாம். ஒன்றும் செய்யாமல் கண்காணித்துக்கொண்டு மட்டும் இரு என்றால் மனித மனம் தாங்காது. ரேடார் திரையைக் கண்காணிப்பது போன்ற வேலையில் கவனம் அரைமணி நேரத்திலேயே சரியத் தொடங்குவதை உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948இலேயே அளந்து காட்டிவிட்டார். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் தானியங்கிச் சோதனைக் கார் ஒன்று சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றபோது, கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்தவரின் கண் கைப்பேசியில் இருந்தது.

நம் சாலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பாதசாரிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நம் கார் முட்டப்போவது பெரும்பாலும் இன்னொரு காரில் இல்லை, இடைவெளியில் நுழையும் பைக்கிலும் இருட்டில் கடக்கும் மனிதரிலும். பாதசாரியைக் கண்டு நிற்கும் கருவிகள் இரவில் பயனற்றுப் போவதை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் சோதித்துக் காட்டியது. அதற்குப் பின் வந்தவை மேம்பட்டிருக்கின்றன என்றாலும், இரவில் விளக்கில்லாத நெடுஞ்சாலையில் அதை நம்பி ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே உங்கள் ஒன்றரை லட்சத்தை இப்படிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் கீழ்வகையில் இஎஸ்சியும் பக்கவாட்டுக் காற்றுப்பைகளும் இருக்கின்றனவா என்று விற்பனையாளரின் வாய்ச்சொல்லில் விடாமல் விவரக் குறிப்பில் தேடுங்கள். ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இஎஸ்சி இல்லையென்றால் உயர்வகைக்குப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். இரண்டிலும் இருந்து, வேறுபாடு அடாஸும் பெரிய திரையும் கூரைக் கண்ணாடியும்தான் என்றால், அவசரப் பிரேக்குக்காக மட்டும் அந்தத் தொகையைக் கொடுப்பது உங்கள் வசதியைப் பொறுத்தது. கீழ்வகையை எடுத்து, மிச்சத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்கு ஒதுக்குவது எனக்கு அறிவுடைமையாகவே படும். பின் இருக்கையிலும் எல்லாரும் பெல்ட் போட வேண்டும். பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றுவதற்கென்றே ஒரு கொக்கியை விற்று, 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு அதை நிறுத்த உத்தரவிடும் அளவுக்குப் போன நாடு நம்முடையது. பெல்ட் இல்லாமல் விரியும் காற்றுப்பையை நோக்கிப் பாய்வது காப்பாற்றும் கருவியிடமே அடிவாங்குவதாகும்.

கடைசியாக, காரை எடுத்த முதல் வாரத்தில் உங்கள் தந்தையை ஆளில்லாத ஒரு திடலுக்கோ போக்குவரத்தில்லாத நேரான சாலைக்கோ அழைத்துப் போங்கள். பூட்டிக்கொள்ளும் பிரேக்குகளில் பழகியவர்கள் அவசரத்தில் விட்டு விட்டு மிதிப்பார்கள். அம்பாசிடரில் அதுவே சரியான வித்தை. ஏபிஎஸ் உள்ள காரில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும், ஏனென்றால் விட்டுப் பிடிக்கும் வேலையைக் கருவி அவரைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்துகொண்டிருக்கும்போது அவர் நடுவே காலை எடுக்கிறார். பயிற்சிக்கு வருகிற மூத்த ஓட்டுநர்களில் பலர், பெடல் முதன்முறை காலடியில் அதிர்ந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தளர்த்துவதைக் கண்டிருக்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெடலை ஓங்கி மிதித்து, அது எவ்வளவு அதிர்ந்தாலும் வண்டி நிற்கும்வரை காலை எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். காய்ந்த தாரில் அதிர்வு வராவிட்டால் மழை பெய்து ஓய்ந்த காலையில் ஒருமுறை. மூன்று நான்கு முறை செய்தால் போதும்; அதன் பிறகு அதே பயிற்சியை நீங்களும் செய்து பாருங்கள், அவர் பக்கத்து இருக்கையில் இருக்கட்டும்.